விழுந்த விமானமும் எங்கள் ரிசீவரும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆடி பிறக்கும் முன்பே இந்த முறை காற்று கிளம்பிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற இந்தக் காற்று கோவை, பொள்ளாச்சி, உடுமலைக்காரர்களுக்குப் புதிதில்லை. கையில் பிடிக்கும் ரேடியோவின் ஸ்டிக்கால் ஓட்டும் மாதிரி விமானங்களை விற்று, ரிப்பேரும் செய்யும் எங்கள் கடைக்கு உடைந்த விமானங்கள் அதிகம் வருவதும் இந்த மாதங்களில்தான். இந்த வருடம் விமானங்களோடு ஒரு பேச்சும் சேர்ந்து சுற்றுகிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல். விலையைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் சொல்ல வேண்டியவை சில உண்டு, அவற்றையும் கடைசியில் சேர்த்திருக்கிறோம்.

"அந்தக் கடை ரிசீவரைப் போட்டா, இறக்கும்போது சிக்னல் விட்டுரும்" என்று ஒரு குரல் பதிவு பல வாட்ஸப் குழுக்களில் போய்க்கொண்டிருக்கிறது. ரிசீவர் என்பது ரேடியோ அனுப்பும் கட்டளையை விமானத்துக்குள் இருந்து வாங்கும் கருவி. உங்களில் நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். சிலர் நேராக எங்களுக்கே போன் செய்து விசாரித்தீர்கள், அதற்கு நன்றி. சிலர் விசாரிக்காமலே ஆர்டரை நிறுத்திவிட்டீர்கள். ஒரு கல்லூரி அணி போட்டிக்கு வாங்கிய ரிசீவர்களைப் பெட்டி பிரிக்காமலே திருப்பித் தரலாமா என்று கேட்டது. மனசு சங்கடப்பட்டதை மறைக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். எங்களிடம் வாங்கிய, புதிதாகப் பழகுவதற்கான ஒரு ட்ரெய்னர் விமானம், மேல் இறக்கை, ஃபோம் உடம்பு. இறக்குவதற்காகத் திரும்பியபோது இடப்பக்கம் சாய்ந்து மூக்கு குத்தி விழுந்தது. ஓட்டியவர், "ஸ்டிக்கை முழுசா வலப்பக்கம் தள்ளினேன், கேட்கவே இல்லை" என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. அவர் தள்ளினார், விமானம் கேட்கவில்லை, இரண்டும் உண்மை. ஆனால் அதற்குக் காரணம் ரிசீவர் இல்லை. அவர் எங்கள் பழைய வாடிக்கையாளர், அவர் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. யாரும் எங்களுக்காக அவரிடம் போய் வாதாட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

உடைந்த விமானத்தை அவரே கடைக்குக் கொண்டுவந்தார். அவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்தோம். மோட்டார் சுழற்றும் விசிறியான ப்ராப்பின் இரண்டு இலைகளும் முறிந்திருந்தன, மோட்டார் ஷாஃப்ட் வளைந்திருந்தது. அதாவது தரையைத் தொடும் நொடி வரை மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றுபோன ப்ராப் என்றால் பெரும்பாலும் ஒரு இலைதான் போகும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்துத்தான் அந்த விமானத்தைக் கொடுத்தோம். ரேடியோவை ஆஃப் செய்து அது நிற்பதையும் வாங்கும்போதே காட்டினோம். சிக்னல் போயிருந்தால் மோட்டார் எப்படிச் சுற்றியிருக்கும்?

அடுத்தது வீடியோ. கூட வந்த நண்பர் போனில் எடுத்தது. அதை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விமானம் இடப்பக்கம் சரியும் அந்த நேரத்தில் இடது ஏலரான் (இறக்கையின் பின் விளிம்பில் அசையும் பலகை) கீழேயும் வலது ஏலரான் மேலேயும் நிற்கின்றன. அவர் கொடுத்த கட்டளை அதுதான், வலப்பக்கம். ரிசீவர் அதை வாங்கி, ஏலரானை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவிடம் சேர்த்து, சர்வோவும் செய்து முடித்துவிட்டது. அதே ரிசீவரை வேறு விமானத்தில் வைத்து, ரேடியோவை, சிக்னல் பலத்தைக் குறைத்துச் சோதிக்கும் ரேஞ்ச் செக்கில் போட்டு 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தோம். ஒரு தடுமாற்றமும் இல்லை. இவ்வளவும் அவர் பார்க்க நடந்தது. குரல் பதிவில் இதில் ஒன்றுகூட இல்லை என்பதுதான் எங்கள் வருத்தம்.

அப்படியானால் விமானம் ஏன் கேட்கவில்லை? ஸ்டால். இறக்கைக்கு மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்கும் சக்தி போய்விடுகிற நிலை. காற்றுக்கும் இறக்கைக்கும் உள்ள கோணம் ஓர் அளவைத் தாண்டினால் எந்த விமானமாக இருந்தாலும் இது நடக்கும். திரும்பும்போது ஒரு இறக்கை முந்திக்கொண்டு ஸ்டாலாகும், அந்தப் பக்கம் விமானம் சரியும். ஏலரானைக் கொண்டு தூக்கப் பார்த்தால், சரிந்த பக்கத்து ஏலரான் கீழே இறங்கி அந்த இறக்கையின் நிலையை இன்னும் மோசமாக்கும். அதனால்தான் ஸ்டிக் செத்துப்போன மாதிரி கைக்குத் தெரிகிறது. "சிக்னல் போச்சு" என்று எங்களிடம் வந்த விமானங்களில் பெரும்பாலானவற்றில் நாங்கள் கண்டது இதைத்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கிளைடரில் பறந்து உலகத்துக்கே வழிகாட்டிய ஓட்டோ லிலியன்தால், 1896 ஆகஸ்டில் தன் கிளைடர் ஸ்டாலாகி விழுந்த காயத்தால்தான் இறந்தார்.

நம் ஊர்க் காற்றில் இது ஏன் அதிகம் நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், இது தெரிந்தால் பாதி விமானங்கள் பிழைக்கும். இறங்குவதற்கு முன் விமானம் காற்றின் போக்கிலேயே ஒரு நீளம் போகிறது இல்லையா? அப்போது தரையில் நிற்கிற நம் கண்ணுக்கு அது பறந்தடித்துக்கொண்டு போவதாகத் தெரியும். உடனே த்ராட்டிலை, அதாவது மோட்டார் வேகத்தை, குறைக்கிறோம், மூக்கைத் தூக்க வாலில் உள்ள எலிவேட்டரை இழுக்கிறோம். தரையைப் பொறுத்துத்தான் அது வேகம். இறக்கைக்கு வேண்டியது காற்றைப் பொறுத்த வேகம், த்ராட்டிலைக் குறைத்ததால் அது இறங்கிவிட்டிருக்கும். அந்தக் குறைந்த வேகத்திலேயே சட்டென்று திருப்பினால் முடிந்தது. இன்னொன்றும் உண்டு. மேலே பலமாக இருக்கும் எதிர்க்காற்று தரைக்கு நெருங்க நெருங்கக் குறையும். விமானம் இறங்க இறங்க, நாம் ஒன்றும் செய்யாமலே அதன் காற்று வேகம் கரையும். காற்று வரும் பக்கத்தில் தென்னந்தோப்பு இருந்தால் இன்னும் மோசம். தோப்பைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கிச் சுழலும், விமானத்தை அப்படியே அமுக்கும். அன்றைக்கு விழுந்த இடமும் தோப்பின் மறைவுப் பக்கம்தான்.

ஆகவே ஆடிக் காற்றில் இறக்கும்போது கொஞ்சம் வேகமாகவே வாருங்கள். உயரத்தை த்ராட்டிலாலும் வேகத்தை எலிவேட்டராலும் பாருங்கள். கடைசித் திருப்பத்தை அகலமாக, போதிய உயரத்தில் முடித்துவிடுங்கள். இறக்கை சரிந்தால் முதலில் எலிவேட்டரை விட்டுக்கொடுத்து த்ராட்டில் கொடுங்கள், ஏலரான் அப்புறம். விமானம் நம்மை நோக்கி வரும்போது இடம் வலம் குழம்புகிறவர்களுக்கு ஒரே வழி: எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

அந்த விமானத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. வால் பகுதி முன்பு ஒருமுறை உடைந்து, வேறு யாரிடமோ கொடுத்து எபாக்ஸிப் பசையைத் தாராளமாக விட்டு ஒட்டப்பட்டிருந்தது. வாலில் சேரும் சில கிராம் பசைகூட சிஜியை, அதாவது விமானத்தின் எடை சமநிலைப் புள்ளியை, பின்னுக்குத் தள்ளும். ட்ரெய்னருக்கு சிஜி இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பின்னால் போனால் எலிவேட்டர் அளவுக்கு மீறித் துடிப்பாகி, லேசாக இழுத்தாலே மூக்கு தூக்கிக்கொள்ளும். எங்கே ரிப்பேர் செய்தாலும் சரி, பறக்கவிடும் முன் சிஜி பாருங்கள்.

எலக்ட்ரானிக்ஸில் கோளாறே வராது என்று நாங்கள் சொல்லவில்லை. பெரிய சர்வோக்களைப் போட்டு, ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இருக்கும் சின்ன பிஇசியாலேயே (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் பகுதி) ஓட்டினால் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ஒரு நொடி அணைந்து எழலாம். சில ரிசீவர்கள் அப்படி அணைந்து எழுந்ததை விளக்கு மினுக்கிக் காட்டும், ஆனால் பேட்டரியைக் கழற்றினால் அந்தத் தடயம் அழிந்துவிடும். அதனால் விழுந்த விமானத்தின் பக்கத்தில் போனதும் ப்ராப்புக்கு விலகி நின்று ரிசீவர் விளக்கைப் பாருங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள், பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி புகைந்தாலோ நசுங்கியிருந்தாலோ போட்டோ வேண்டாம், பாதுகாப்புதான் முதல். பொருளில் கோளாறு என்று தெரிந்தபோதெல்லாம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம், வாங்கியவர்களுக்கே அது தெரியும்.

பறக்கும்போது மோட்டார் மட்டும் நின்றுபோவதும் சிக்னல் கோளாறு இல்லை. விமானத்தை ஓட்டும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட். 3 வோல்ட்டை ஒட்டி இறங்கும்போது பெரும்பாலான ஈஎஸ்சிகள் மோட்டாரை நிறுத்திவிட்டு, மிச்ச கரண்ட்டை ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் விட்டுவைக்கும். அதாவது விமானம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மூக்கை லேசாகத் தாழ்த்தி மிதந்து வரவிடுங்கள். ரன்வே வரை எப்படியாவது இழுத்துவிடலாம் என்று எலிவேட்டரை இழுக்கிறவர்கள்தான் அங்கேயும் ஸ்டாலாகிறார்கள். பக்கத்து மக்காச்சோளக் காட்டில் இறங்கினாலும் பரவாயில்லை. ரேடியோவை ஆஃப் செய்தால் பல ஈஎஸ்சிகள் பீப் அடிக்கும், சத்தத்தை வைத்துத் தேடிவிடலாம்.

சக்கரத்தைப் பற்றியும் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் பக்கத்து மேட்டாங்காடுகளில் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மூன்று சக்கர விமானம் தேவையே இல்லை. சின்னச் சக்கரம் கட்டியில் இடித்து, முன் கம்பி மோட்டார் பலகையோடு பிய்ந்து வருகிறது. கையால் எறிந்து, புல்லில் வயிற்றால் இறக்குங்கள். இதைச் சொல்வதால் எங்களுக்குச் சக்கர விற்பனைதான் குறையும், இருந்தாலும் சொல்கிறோம்.

இனி விலை. விமானம் கட்டும் லேசான மரமான பால்சாவின் பலகை ஏன் இவ்வளவு விலை என்று எல்லோரும் கேட்கிறீர்கள். உலகத்துக்குப் பால்சா பெரும்பாலும் ஈக்வடாரிலிருந்துதான் வருகிறது. காற்றாலை இறக்கைகள் பலவற்றின் உள்ளேயும் இதே மரம்தான். 2020 வாக்கில் சீனாவில் காற்றாலைகள் வேகவேகமாக நிறுவப்பட்டபோது தட்டுப்பாடு வந்து விலை எகிறியது. நம்மைப் போன்ற சின்ன வாடிக்கைக்காரர்கள் வரிசையில் கடைசி. லிப்போ பேட்டரிக்கு வேறு கதை. 2016 ஏப்ரலிலிருந்து, லிப்போவையும் சேர்த்து, லித்தியம் அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் 30 சதவீத சார்ஜுக்கு மேல் கூடாது. கப்பலில் வர நாளாகிறது, அதுவரை பணம் முடங்குகிறது. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை வந்ததிலிருந்து, உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்றாலும், ஒவ்வொரு பெட்டிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. முடிந்தவரை பழைய விலையிலேயே கொடுக்கப் பார்க்கிறோம்.

பட்டறையில் இருந்த தம்பி இப்போது எங்களுடன் இல்லை. வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. அந்தத் துறையில் கைத்தொழில் தெரிந்த பிள்ளைகளுக்கு இப்போது நல்ல சம்பளம். அவர் ஒட்டிய இறக்கையில் தையல் தெரியாது, அப்படி ஒரு கை. அவர் நன்றாக இருக்க வேண்டும். புதிதாக வந்திருக்கும் தம்பியும் கவனமானவர், ஆனால் பழக நாளாகும். அதுவரை ரிப்பேருக்குக் கூடுதலாக ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் முதல் உடைந்த விமானத்தைப் பிரித்துப் பார்க்க 300 ரூபாய் முன்பணமும் உண்டு, மைதானத்துக்கு வந்து முதல் பறப்பு செய்துகொடுப்பதும் தற்சமயம் இல்லை.

விழுந்த பேட்டரி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக ஒரு வேண்டுகோள். உப்பின, நசுங்கின லிப்போவை கடைக்கு எடுத்து வராதீர்கள், காருக்குள் வைக்காதீர்கள், மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். விழுந்த உடனே ஒன்றும் ஆகாமல், கொஞ்ச நேரம் கழித்துத் தீப்பிடிப்பதும் உண்டு. வெட்டவெளியில், மணல் போட்ட வாளியில் வைத்துவிட்டுப் போன் செய்யுங்கள், என்ன செய்வதென்று சொல்கிறோம். பறக்கப்போகும் இடம் பீளமேடு விமான நிலையத்துக்கோ சூலூர் விமானப்படைத் தளத்துக்கோ அருகில் என்றால் முதலில் வான்வெளி வரைபடத்தைப் பாருங்கள். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிக்கு மேல் முன் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. 8 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி இல்லாமல் எடுக்கவே வேண்டாம்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் கடைக்கு வந்து, "அண்ணா, நாங்க நம்பலைங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனவர்களை மறக்க மாட்டோம். குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும், பிள்ளைகளைக் கூட்டி வந்து முதல் ட்ரெய்னரை எங்களிடமே வாங்கிக் கொடுத்த பெற்றோர்களுக்கும், போட்டிக்குப் போகும் முன் கடையில் உட்கார்ந்து சோல்டர் செய்யும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் இருப்பதால்தான் இந்தக் கடை இருக்கிறது.

ரிசீவர் மேல் சந்தேகம் உள்ளவர்கள், எங்களிடம் எப்போது வாங்கியதாக இருந்தாலும், சனிக்கிழமை மாலைகளில் எடுத்து வாருங்கள். ரேஞ்ச் செக்கும் ஃபெயில்சேஃப் சோதனையும் உங்கள் கண் முன்னால் செய்து காட்டுகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை. ப்ராப்பை மட்டும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்