25-ஆவது கேள்வியும் 28-ஆவது கேள்வியும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்கும், புற்றுநோய் ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை, வீடு சாத்தூரில். என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. பிறகு மூளைக்கும் பரவியது. போன ஆவணியில் காலமாகிவிட்டாள். நாலு வருஷம் அவளோடு ஆஸ்பத்திரிக்கு அலைந்தவன் நான்தான். அந்த நாலு வருஷத்தில் ஒரு மருந்து ஆய்விலும் அவள் சேர்ந்திருந்தாள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆய்வில் சேர்ந்ததைப் பற்றி எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை. கையெழுத்து வாங்கும் முன் எல்லாவற்றையும் தமிழில் விளக்கினார்கள். ஆய்வு மருந்துக்குக் காசு வாங்கவில்லை. போகும்போதெல்லாம் ஆய்வில் வேலை பார்க்கும் ஒரு தங்கச்சி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக வாசித்துப் பொறுமையாகப் பதில் வாங்கிப் போவாள். மொத்தம் 30 கேள்விகள். ஐரோப்பாவில் உருவாக்கி, உலகம் முழுக்கப் புற்றுநோய் ஆய்வுகளில் பயன்படுத்தும் படிவம் அது. கியூ.எல்.கியூ. - சி30 என்று பெயர். மூச்சு வாங்குகிறதா, தூக்கம் வருகிறதா, குமட்டல் உண்டா என்று போகும். 25-ஆவது கேள்வி, விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சிரமமாக இருந்ததா என்பது. 28-ஆவது கேள்வி, நோயாலோ சிகிச்சையாலோ பணக் கஷ்டம் வந்ததா என்பது. போன ஒரு வாரத்தை நினைத்துப் பார்த்து, 'இல்லவே இல்லை', 'கொஞ்சம்', 'அதிகம்', 'மிக அதிகம்' என்ற நாலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

28-ஆவது கேள்விக்கு அக்கா எப்போதும் 'கொஞ்சம்' என்றே சொல்வாள். வளையல் இரண்டையும் அடகு வைத்த அதே வாரத்திலும் அப்படித்தான் சொன்னாள். வெளியே வந்ததும், "ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ பக்கத்துல உக்காந்திருக்கியே, வேற என்னத்தச் சொல்ல?" என்றாள்.

அந்தக் 'கொஞ்சம்' இன்று ஏதோ ஒரு கணினியில் ஓர் எண்ணாக இருக்கும். அதைத்தான் நீங்கள் ஆய்வின் முடிவு என்று படிப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த வாரம் நடந்தது அதில் இல்லை.

எங்களிடம் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. நீள நோட்டு, மளிகைக் கடையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. அக்கா தையல்காரி. அதில் முதல் பாதி முழுக்க ரவிக்கை அளவுகள். பின்பக்கத்திலிருந்து திருப்பிப் பிடித்து ஆஸ்பத்திரிக் கணக்கை எழுத ஆரம்பித்தோம். தலைக்குக் கரண்டு வைத்த இரண்டு வாரத்தை மட்டும் இங்கே சொல்கிறேன். எங்கள் பக்கம் கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வார்கள். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, அதனால் கதிர்வீச்சுக்கு நாங்கள் பைசா கட்டவில்லை. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் நாங்கள் பக்கத்திலேயே போயிருக்க முடியாது. ஆனால் பத்து நாள் சிகிச்சை, அவளால் தினம் மதுரைக்குப் பஸ்ஸில் போய் வர முடியாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சந்தில் ரூம் எடுத்தோம். 12 ராத்திரிக்கு 5,400 ரூபாய். இரண்டு பேர் சாப்பாடு 3,250. உள்ளே தேதி கிடைக்க நாளாகும் என்பதால் வெளியே எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 7,500. ஆட்டோ, பஸ், வெளியே எழுதிக் கொடுத்த மாத்திரை எல்லாம் சேர்த்து 3,700. நான் வேலைக்குப் போகாததில் போன கூலி 7,200. ஆக மொத்தம் 27,050. 'இலவசச் சிகிச்சை' நடந்த இரண்டு வாரம் அது. அக்காவின் மிஷின் ஓடாததை அதில் எழுதவே இல்லை. எழுத வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை.

அப்புறம் 25-ஆவது கேள்வி. கரண்டு வைத்ததில் தலைவலி குறைந்தது, வாந்தி நின்றது. அதற்காக அந்த டாக்டர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். மூன்று மாதம் கழித்து ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சடங்குக்கு ஒரு ரவிக்கை தைத்துத் தருகிறேன் என்று ஆசையாக உட்கார்ந்தாள். துணியை மடித்தாள். சாக்கட்டியை எடுத்தாள். கைக்குழி வெட்டும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய வளைவு அது. சாக்கட்டி துணிக்கு ஒரு விரல் மேலே நின்றது, இறங்கவே இல்லை. பிறகு துணியை மடித்து வைத்துவிட்டு, "வெளிச்சம் பத்தல" என்றாள். மணி காலை பதினொன்று.

அடுத்த முறை தங்கச்சி படிவத்தோடு வந்தபோது 25-ஆவது கேள்விக்கு அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இல்லவே இல்லை." அவள் பொய் சொல்லவில்லை. மறதி உள்ளவளிடம் உனக்கு மறதி உண்டா என்று கேட்டால் வேறு என்ன பதில் வரும்?

என் அக்கா மகள் நர்ஸிங் படிக்கிறாள். அவளும் நானும் இதையெல்லாம் தேடிப் படித்தோம். தெரிந்துகொண்ட சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன். உங்களுக்கு இவை தெரியாதவை இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இவை எப்படித் தெரிகின்றன என்பதற்காகச் சொல்கிறேன்.

மூளைக்குப் பரவிய புற்றுநோயில், ஞாபக சக்தியை வெறும் கேள்வியாகக் கேட்காமல் சோதித்தே பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நோயாளியிடம் 12 வார்த்தைகளை வாசிப்பார்கள், திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். மூன்று முறை இப்படி. பிறகு வேறு வேலை கொடுத்துவிட்டு, இருபது இருபத்தைந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்பார்கள். ஒரு பேனாவும் ஒரு தாளும் போதும். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து எம்.டி. ஆண்டர்சன் மையம் 2009இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் செய்தார்கள். மூளையில் ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்குக் கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு, இன்னொரு பிரிவினருக்கு அதோடு மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு. நாலு மாதத்தில் கற்றல், நினைவுத் திறன் குறையும் வாய்ப்பு முதல் பிரிவில் 24 சதவீதம், இரண்டாவதில் 52 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 58 பேரோடு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். பிறகு வந்த ஆராய்ச்சிகள் இன்னும் ஒரு படி போயின. நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதியை விலக்கிவிட்டு மீதி மூளைக்குக் கதிர்வீச்சு தரலாம், கூடவே ஞாபகமறதி நோய்க்குத் தரும் மெமன்டைன் மாத்திரையும் தரலாம், அப்படிச் செய்தால் பாதிப்பு குறைகிறது என்று 518 பேரை வைத்து நடந்த ஆய்வு 2020இல் வெளியானது.

என் அக்காவுக்கு ஏழெட்டு இடங்களில் கட்டி இருந்தது. எது செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அங்கே யாரோ 12 வார்த்தைகளைக் கேட்டார்கள், மருத்துவமே மாறியது. கேட்காமல் விட்டிருந்தால், 'நோயாளி உயிரோடு இருக்கிறார், கட்டி சுருங்கியிருக்கிறது' என்பதோடு கதை முடிந்திருக்கும்.

பணத்திலும் அப்படித்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் நிவோலுமாப் மருந்தை வைத்துச் செய்த ஆய்வை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். அந்த மருந்தை முழு அளவில் வாங்க நம் ஊரில் எத்தனை பேரால் முடியும்? எனவே வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல், மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும், விலை குறைந்த மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம். இந்தக் குறைந்த அளவு மருந்தும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மவர்கள், நம் நோயாளிகளின் மடியில் உள்ள காசை நினைத்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், உலகத்துக்கே பயன்படும் பதில் கிடைத்திருக்கிறது. இதைச் செய்ய முடிந்த நாட்டில், நோயாளி வீட்டுச் செலவை ஆய்வின் முடிவுகளில் ஒன்றாக எழுத முடியாதா?

தென்கிழக்கு ஆசியாவில் எழுதிப் பார்த்தார்கள். எட்டு நாடுகளில் 9,513 புற்றுநோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 29 சதவீதம். உயிரோடு இருந்தும், வீட்டு வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்கே போய் நிலைகுலைந்தவர்கள் 48 சதவீதம். இறப்பை எண்ணுகிற அதே நோட்டில் கடனையும் எண்ணினால்தான் இப்படி ஒரு கணக்கு கையில் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கா இருந்த வார்டுக்குக் கீழ் மாடியில் தலைக்காயம் பட்டவர்களின் வார்டு. பைக்கில் விழுந்த பையன்கள், லாரி மோதியவர்கள். காபி வாங்கப் போகும்போது அவர்கள் வீட்டாரோடு பேசிக்கொண்டிருப்பேன். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது, அது எத்தனையோ உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் அங்கிருந்த அம்மாக்களின் கவலை 49-ஆவது மணி நேரத்திலிருந்து தொடங்குவது. இவன் திரும்பவும் வேலைக்குப் போவானா, கடைக்குப் போய் சரியாகச் சில்லறை வாங்கி வருவானா என்பதுதான் அது.

தலைக்காய ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கவலையை ரொம்ப நாள் முன்பே காதில் வாங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். கிளாஸ்கோவில் ஜென்னட், பாண்ட் என்ற இரண்டு டாக்டர்கள் 1975இலேயே ஓர் அளவுகோல் வகுத்தார்கள். நோயாளி பிழைத்தாரா இல்லையா என்பதோடு அது நிற்காது. அடுத்தவர் துணை இல்லாமல் இருக்க முடிகிறதா, பழைய வாழ்க்கைக்குத் திரும்பினாரா என்பதும் அதில் முடிவுதான். பின்னால் அதை விரிவாக்கியபோது தனியாகக் கடைக்குப் போக முடிகிறதா, வெளியூர் போக முடிகிறதா, வேலைக்குத் திரும்பினாரா, வீட்டில் உறவு எப்படி இருக்கிறது என்று கேட்கும் கேள்விகளையும் சேர்த்தார்கள். அடிபட்டு ஆறு மாதம் கழித்து வீட்டாரிடமும் கேட்பார்கள். மாடி ஒன்றுதான் வேறு. கீழே அடிபட்ட மூளைக்கு இந்தக் கேள்விகள், மேலே கதிர்வீச்சு வாங்கிய மூளைக்கு 25-ஆவது கேள்வி ஒன்றே ஒன்று. கீழ் மாடியில் கேட்பதை மேல் மாடியிலும் கேளுங்கள் என்பதுதான் நான் உங்களிடம் வைக்கும் முதல் கோரிக்கை. மூளைக்குச் சிகிச்சை போகும் எந்தப் புற்றுநோய் ஆய்வாக இருந்தாலும், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஞாபகத்தைச் சோதியுங்கள். தமிழில் சோதியுங்கள், எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும்படி சோதியுங்கள். கூட இருப்பவரிடமும் கேளுங்கள். சாக்கட்டி நின்றதைப் பார்த்தவன் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்தது செலவு. 'கொஞ்சமா, அதிகமா' என்று கேட்காதீர்கள், எவ்வளவு ரூபாய் என்று கேளுங்கள். தங்கல், சாப்பாடு, வண்டிச் சத்தம், வெளியே எடுத்த ஸ்கேன், இரண்டு பேரின் போன கூலி, வட்டிக்கு வாங்கியது, அடகு வைத்தது எல்லாவற்றையும் கேளுங்கள். நோயாளியைத் தனியாக வைத்து ஒரு தடவை, வீட்டாரைத் தனியாக வைத்து ஒரு தடவை. அந்தத் தொகையை 'எத்தனை மாதம் உயிர் நீண்டது' என்பதற்குப் பக்கத்திலேயே அதே அட்டவணையில் போடுங்கள். இதைச் செய்யாத ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் தருவதில்லை என்று கவுன்சில் ஒரு வரி எழுதினால் போதும், நாடு முழுக்க மாறிவிடும்.

கேள்வி கூடினால் நோயாளிக்குக் களைப்பு, செலவும் ஆகும் என்று சிலர் சொல்லக்கூடும். களைப்பு உண்மைதான். ஆனால் அந்தத் தங்கச்சி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அக்கா மனம்விட்டுப் பேசினாள். கேட்பதற்கு ஆள் இருந்தால் சொல்ல எங்களுக்கு நிறைய இருந்தது.

நெறிமுறைக் குழு உறுப்பினர்களே, மருந்து ஆய்வுகளுக்கான 2019ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவர் மருத்துவமோ சட்டமோ சாராத சாதாரண ஆளாக இருக்க வேண்டும் என்று படித்தேன். அந்த ஒருவரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் ஒரு புற்றுநோய் ஆய்வுத் திட்டம் மேஜைக்கு வரும்போது கையை உயர்த்துங்கள். இதில் சேரும் குடும்பத்துக்குக் கையிலிருந்து எவ்வளவு போகும், நோயாளியின் ஞாபகம் எவ்வளவு போகும், அதை எந்தப் பக்கத்தில் எழுதப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மருந்தின் பெயர் புரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும்தான் புரியவில்லை.

கணக்கு நோட்டு என் வீட்டில் இருக்கிறது. 61 பக்கம் ஆஸ்பத்திரிக் கணக்கு. முன்பக்கம் அக்காவின் கையெழுத்தில் ரவிக்கை அளவுகள். கடைசி அளவு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையுடையது. கைக்குழி என்று எழுதி, எதிரே எண் போடாமல் விட்டிருக்கிறாள். உங்கள் ஆய்வுக்கு உதவும் என்றால் எல்லாப் பக்கத்தையும் எங்கள் அச்சகத்திலேயே நகலெடுத்து அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
சாத்தூரிலிருந்து, ஒரு தையல்காரியின் தம்பி