44 பைட்டில் பாட்டு இருக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டில் சேர்ந்த பழைய சாமான்களைக் கழிப்பது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், பாட்டு சிடிகளை பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு காயலான்கடையில் போட்டுவிடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் இது ஏற்கெனவே நடந்த கதை.

என் மாமனார் கானா பாடுவார். வண்ணாரப்பேட்டைப் பக்கம் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடியதைக் கூட்டாளிகள் சேர்ந்து ஒருமுறை சிடியாகப் போட்டு வைத்தார்கள். என் மச்சான் அதைக் கம்ப்யூட்டரில் போட்டான், 14 ஃபைல் தெரிந்தது, அப்படியே இழுத்து பென் டிரைவில் விட்டான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது, சிடியும் பழைய பேப்பரோடு போய்விட்டது. விண்டோஸில் தெரிகிற அந்த சிடிஏ ஃபைல் ஒவ்வொன்றும் வெறும் 44 பைட். பாட்டு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்புதான் அது. 14-க்கும் சேர்த்து 616 பைட்! ஆடியோ சிடியில் ஒரு நிமிஷப் பாட்டே 10 எம்பியைத் தாண்டும். விலாசத்தை எழுதி வைத்துக்கொண்டு வீட்டை இடித்த மாதிரி.

நல்லவேளை, காசிமேட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு பிரதி கிடைத்தது. லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. சரி என்று, கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா 1993-ல் கொண்டுவந்த அமிகா 1200 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரை இறக்கினேன். 14 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்தான், ஆனால் இன்னும் உயிரோடு இருக்கிறது (ராயபுரத்து உப்புக் காற்றில் கிரில் கம்பியே உதிர்கிறது). பழைய கம்ப்யூட்டர்களுக்குள் இருக்கும் ஐடிஇ வகை சிடி டிரைவை அடாப்டர் கேபிளில் மாட்டி, கேஸுக்குள் இடமில்லாததால் மேஜை மேல் மல்லாக்க வைத்து, அதற்குத் தனியாக ஒரு எஸ்எம்பிஎஸ்ஸில் (கம்ப்யூட்டர் பவர் சப்ளை பெட்டி) கரண்ட் கொடுத்தேன்.

டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதன் விலாசம் இருக்கும். நொடிக்கு 75 துண்டாக ஓடும் பாட்டு சிடியில் அவ்வளவு துல்லியமான விலாசம் கிடையாது. மெதுவான மெஷின் எழுதி முடிக்கும்வரை டிரைவ் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது, விட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ போய் உட்கார்ந்துவிடும். அந்த ஒட்டில் 'டிக்' என்று ஒரு சத்தம். என் முதல் முயற்சி முழுக்க அதுதான். அதிலும் மூன்றாவது பாட்டில் மாமனார் விரலால் சட்டியைத் தட்டுகிறார், எது அவர் விரல், எது என் மெஷின் என்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் கேட்டும் பிடிபடவில்லை. அப்புறம், படித்த இடத்தையே கொஞ்சம் மறுபடி படித்து ஒப்பிட்டு ஒட்டுகிற சாஃப்ட்வேரைப் போட்டேன். நேரம் பிடித்தது. சட்டி மட்டும் மிச்சம்.

எம்பி3 ஆக்கும் வேலையை இந்த மெஷின் தலையில் கட்டவில்லை, பாவம். பெரிய ஃபைலாகவே மெமரி கார்டில் ஏற்றி லேப்டாப்புக்கு மாற்றினேன். "இருநூறு முந்நூறு பாட்டுக்கு இப்படி முடியுமாப்பா?" என்கிறான் பையன். முடியாது, நியாயம்தான். யூஎஸ்பி சிடி டிரைவ் வாங்கினால் சீக்கிரம் முடியும், வாசகர்கள் அதையே செய்யட்டும். நான் செய்தது பாதி பிடிவாதம்.

எதில் எடுத்தாலும் ரிப் பண்ணுகிற, அதாவது சிடியில் உள்ள பாட்டையே படித்து ஃபைலாக்குகிற சாஃப்ட்வேரில் எடுங்கள், ஃபைல் எத்தனை எம்பி என்று பாருங்கள், ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். வீட்டில் எழுதிய சிடியின் சாயம் வெளுத்துப்போகும் என்பதால் தள்ளியும் போடாதீர்கள். அடுத்த இதழிலேயே ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள் சார், உங்கள் கட்டுரையைக் கத்தரித்து எங்கள் தெருவில் இரண்டு பேர் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை