ஸ்கேன் ரிப்போர்ட் எழுதும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு, வணக்கம்.

ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் அப்பாவின் வலது நுரையீரலில் ஒரு வட்டம் தெரிந்தது. சி.டி. எடுத்தோம். "2 செ.மீ. கட்டி, புற்றுநோயா என்று பார்க்கவும்." ரிப்போர்ட்டின் முடிவில் இருந்தது இவ்வளவுதான். அது என் கைக்கு வந்தது சனிக்கிழமை சாயங்காலம். நெஞ்சக டாக்டரைப் பார்க்க முடிந்தது செவ்வாய்க்கிழமை. அதற்குள் அத்தை குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்துவிட்டார். பீடி, சிகரெட் தொட்டே பார்க்காத அப்பா, பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கணக்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் முதலில் கேட்டதே, "பழைய எக்ஸ்ரே ஏதாவது இருக்கா?" என்றுதான். இருந்தது. 2013இல் வேலைக்காக எடுத்தது, பரண் மேல். சூரிய கிரகணம் பார்க்க ஆகும் என்று யாரோ எடுத்து வைத்தது (அப்படிப் பார்த்தால் கண் கெட்டுவிடுமாம், அது வேறு கதை). அதிலும் அதே இடத்தில் அதே வட்டம், ஏறக்குறைய அதே அளவில். அப்புறம் சி.டி. படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். கட்டிக்குள் கொழுப்பு, பாப்கார்ன் பொரிந்த மாதிரி சுண்ணாம்புப் படிவு. ஹமர்டோமா. நுரையீரலில் வரும் புற்றுநோய் அல்லாத கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதானாம். குருத்தெலும்பும் கொழுப்பும் கலந்த உருண்டை. மெதுவாக வளரும், பரவாது.

சந்தேகத்தை எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எல்லா ஹமர்டோமாவிலும் கொழுப்போ சுண்ணாம்போ தெரிவதில்லை. சிலருக்கு ஊசி மூலம் சதை எடுத்தோ ஆபரேஷன் செய்தோதான் உறுதியாகிறது. டிபி விட்டுப்போகும் முடிச்சு இன்னும் ஏமாற்றும். புற்றுநோயைத் தேட எடுக்கும் பெட் (PET) ஸ்கேனில்கூடப் புற்றுநோய் போலவே ஒளிரும். நம் ஊரில் டிபிக்கா பஞ்சம்?

ஆனால் அப்பாவின் கட்டியில் கொழுப்பு இருந்தது. படத்தில் தெரிந்தது ரிப்போர்ட்டில் இல்லை. சந்தேகத்தை எழுதும் அதே கையால் அதையும் எழுதியிருக்கலாமே. கட்டியின் விளிம்பு வழவழப்பா, முள் முள்ளாகவா, சுண்ணாம்பு எப்படிப் படிந்திருக்கிறது என்று இரண்டு வரி போதும்.

இன்னொன்று. சி.டி.க்கு முன் உங்கள் கவுன்டரில் அலர்ஜி உண்டா, சுகர் உண்டா, கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்றெல்லாம் கேட்கிறார்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கச் சொல்லுங்கள். கேட்டிருந்தால் வெள்ளிக்கிழமையே பரண் ஏறியிருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு மகன்