என் தங்கை கல்லூரியில் சேரப் பழங்குடியினர் சாதிச் சான்று வேண்டி நான்காவது மனு

நாள்: 19.01.2026, திங்கள்கிழமை

அனுப்புநர்:
ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் வசிக்கும் பிளஸ் டூ மாணவியின் அக்கா
(பெயர், முகவரி, கைபேசி எண் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பொருள்: பிளஸ் டூ படிக்கும் என் தங்கைக்கு இருளர் (எஸ்.டி.) சாதிச் சான்று பொதுத் தேர்வுக்கு முன்பாக வழங்கக் கோருதல், தொடர்பாக.

பார்வை: என் மனுக்கள், நாள் 14.07.2025, 22.09.2025, 08.12.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் குடியிருப்பைத் தங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏரி நிரம்பி, கலங்கல் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தபோது தாங்களே முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து அரிசியும் பாயும் கொடுத்தீர்கள். வேலிகாத்தான் புதரை ஒட்டிய கடைசித் தார்ப்பாய் வீட்டு வாசலில், புத்தகப் பையைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற பெண்ணிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்டீர்கள். பிளஸ் ஒன் என்றாள். நன்றாகப் படித்துக் கல்லூரிக்குப் போ என்று சொன்னீர்கள். அவள்தான் என் தங்கை. அந்தச் சொல்லை அவள் இன்றுவரை மறக்கவில்லை. அன்று நிவாரணப் பொருளுக்குக் கைரேகை வாங்கிய பட்டியலின் தலைப்பிலும் "இருளர் குடியிருப்பு" என்றுதான் எழுதியிருந்தது.

இப்போது அவள் பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத் தேர்வு. அவள் பக்கத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டாள். அலுவலகத்தின் பக்கத்தில்தான் பாக்கி இருக்கிறது. கீழ்க்காணும் விவரங்களைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

1. என் தங்கை பத்தாம் வகுப்பில் 500-க்கு 441, பிளஸ் ஒன்னில் 600-க்கு 512. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பி.எஸ்சி. வனவியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

2. சாதிச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் 2025 ஜூன் மாதம் பதிவு செய்தோம். வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் பத்து நாளில் வந்துவிட்டன. எஸ்.டி. சான்றை மட்டும் கோட்டாட்சியர்தான் தர வேண்டும் என்பதால் அந்த மனு அங்கே போனது. ஆகஸ்டில் நிராகரித்தார்கள். காரணம்: "தந்தை வழி இரத்த உறவினர் சாதிச் சான்று இணைக்கப்படவில்லை." மறுபடி பதிவு செய்தோம். இன்றோடு ஐந்து மாதம், "நிலுவையில் உள்ளது" என்றே காட்டுகிறது.

3. அந்தக் காரணத்துக்கு எங்களிடம் என்ன பதில் இருக்க முடியும், ஐயா? அப்பாவுக்குச் சாதிச் சான்று இல்லை. தாத்தாவுக்கு ரேஷன் அட்டையே இல்லை. சித்தப்பா இப்போது எந்தச் செங்கல் சூளையில் இருக்கிறார் என்று எங்களுக்கே தெரியாது. எங்கள் வீட்டில் இதுவரை யாரும் சான்று வாங்கியதில்லை என்பதுதான் எங்கள் குறை. அதையே காரணமாகக் காட்டிச் சான்று மறுத்தால், இந்தக் குடும்பத்துக்கு முதல் சான்று எந்தத் தலைமுறையில் கிடைக்கும்?

4. எங்களிடம் ஆதாரமே இல்லை என்பதும் சரியல்ல. 2010-ல் செங்கல் சூளையிலிருந்து எங்கள் குடும்பத்தைக் கொத்தடிமைகள் என்று மீட்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கை அம்மாவின் இடுப்பில் இருந்தாள். தாத்தாவின் சாவுச் செலவுக்கு வாங்கிய முன்பணத்துக்காக அப்பாவும் அம்மாவும் ஏழு வருஷம் கல் அறுத்தார்கள். அன்று இரவு ஜீப்பில் எங்களைக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, காலையில் அப்பா கையில் விடுவிப்புச் சான்று கொடுத்தார்கள். அதில் "இனம்" என்ற இடத்தில் "இருளர்" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டது இதே கோட்டாட்சியர் அலுவலகம். பதினைந்து வருஷமாக அந்தத் தாளை அப்பா பாலிதீன் பையில் சுற்றி, கூரைக் கழியில் செருகி வைத்திருக்கிறார். வெள்ளத்தில் பாத்திரம் எல்லாம் போனது, அது போகவில்லை. அதன் நகலைத்தான் மூன்று மனுவிலும் இணைத்தேன். அடிமையாக இருந்தவரை இருளர் என்று தெரிந்த அலுவலகத்துக்கு, அவர் மகள் கல்லூரிக்குப் போகிறாள் என்றதும் தெரியாமல் போய்விட்டதா?

ஐயா, கோபமாக எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். ஆனால் அடித்துவிட்டு எழுத மனம் வரவில்லை.

5. விசாரணை நடந்த விதத்தை முந்தைய மனுக்களில் நான் எழுதவில்லை. எழுதினால் காரியம் கெட்டுவிடும் என்று அப்பா பயந்தார். இப்போது எழுதுகிறேன். நவம்பரில் விசாரணைக்கு வரச் சொன்னார்கள். காலை பத்து மணிக்குப் போனோம், மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அப்பாவிடம் எலி பிடிப்பியா, பாம்பு பிடிப்பியா என்று கேட்டார். அப்பா, "எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா கல்லுதான் சாமி அறுத்தேன்" என்றார். அவர் எழுதிக்கொண்டார். அப்புறம் என் தங்கையை மேலும் கீழும் பார்த்து, "கண்ணாடி போட்டிருக்கு, டக் டக்குன்னு பதில் சொல்லுது, இருளர் மாதிரியே இல்லையே" என்றார்.

அந்தக் கண்ணாடி பள்ளியில் கண் பரிசோதனை செய்து அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, ஐயா. பதில் சொல்லக் கற்றுக்கொடுத்ததும் அரசுப் பள்ளிதான். அன்று வெளியே வந்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பேருந்து வரும்வரை போடவில்லை. வீட்டுக்கு வந்து, "அக்கா, அடுத்த தடவை கண்ணாடி இல்லாம போகட்டுமா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

பாம்பு பிடிப்பதை நான் இழிவாக நினைக்கவில்லை. வடநெம்மேலியில் எங்கள் மக்கள் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற எங்கள் ஆட்கள் இரண்டு பேருக்குப் பத்மஸ்ரீ விருதே கிடைத்தது. அந்த வித்தையைக் கற்க வேண்டிய வயதில் என் அப்பா சூளையில் அடைபட்டுக் கிடந்தார். அது அவர் செய்த குற்றமா?

6. டிசம்பரில் இரண்டாவது விசாரணை. அரையாண்டு வேதியியல் தேர்வு அன்று. தேதி மாற்றிக் கேட்டால் கோப்பை மூடிவிடுவார்கள் என்று பயந்து தேர்வை விட்டுவிட்டு வந்தாள். வந்தால், அதிகாரி கூட்டத்துக்குப் போய்விட்டார் என்றார்கள்.

7. பள்ளியில் நடப்பதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் முதல்வன் திட்டத்தில் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எப்போது விண்ணப்பம் என்று எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மிகவும் நல்ல காரியம். கூடவே, யார் யாரிடம் என்னென்ன சான்று இருக்கிறது என்று வகுப்பில் கணக்கெடுக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "சாதிச் சான்று இல்லாதவர்கள் எழுந்திருங்கள்" என்பார்கள். ஜூலையில் ஒன்பது பேர் எழுந்தார்கள். தீபாவளிக்கு முன் நான்கு பேர். இப்போது இவள் ஒருத்தி மட்டும்.

40 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு உறையிலும் சின்னச் சீட்டில் எழுதிச் செருகியிருக்கிறாள்: மதிப்பெண் பட்டியல், ஆதார், வருமானம், இருப்பிடம், வங்கிப் புத்தகம், புகைப்படம். எல்லா உறையிலும் தாள் ஏறிவிட்டது. நடுவில் ஓர் உறையில் சீட்டு மட்டும் இருக்கிறது. இரவு படித்து முடித்துப் படுக்கும் முன் அந்த ஃபைலை ஒரு தடவை புரட்டிவிட்டுத்தான் படுக்கிறாள். தேர்வுக்கு ஏழு வாரம்கூட இல்லாத பிள்ளை இயற்பியலை நினைப்பாளா, இதை நினைப்பாளா?

8. மே மாதம் முடிவு வந்ததும் விண்ணப்பம். சான்று இல்லை என்றால் இணையத்தில் பொதுப் பிரிவு என்றுதான் போட வேண்டும். தமிழ்நாட்டில் எஸ்.டி. ஒதுக்கீடு 1 சதவீதம். அந்த ஒன்றும் எங்களுக்கு இல்லாமல் போகும். பெற்றோர் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கிற எஸ்.டி. கல்வி உதவித்தொகையும் போகும். மாதம் 1000 ரூபாய் புதுமைப் பெண் பணத்தை மட்டும் வைத்து மேட்டுப்பாளையத்தில் தங்கிப் படிக்க முடியுமா?

இது எனக்கு ஊகம் இல்லை, ஐயா. 2019-ல் நான் பிளஸ் டூ முடித்தேன், 600-க்கு 431. இதே சான்றுக்கு அலைந்தேன். அடுத்த மாதம் வா என்றார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று போய்க் கல்லூரி திறந்தே விட்டது. அடுத்த வருஷம் சேரலாம் என்று நூல் மில்லுக்கு வேலைக்குப் போனேன். அடுத்த வருஷம் கொரோனா வந்தது. இப்போது ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்கிறேன். ஊர்க்காரர்களின் மனுக்களை நாள் முழுக்க அடிப்பவள் நான்தான். எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்த மனுவில் பட்டா வந்திருக்கிறது, முதியோர் பணம் வந்திருக்கிறது. என் தங்கைக்காக அடித்த மூன்று மனுவுக்கும், "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்திதான் வந்தது. சம்பந்தப்பட்ட அலுவலர் என்றால் யார் மேல் புகாரோ அவரே. அங்கே போய்க் கேட்டால், "கலெக்டர் ஆபீசுக்குப் பதில் அனுப்பிட்டோம்" என்கிறார்கள். அந்தப் பதிலில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

9. பொய்ச் சான்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் கடுமையாகப் பார்க்கிறோம் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் சொன்னார்கள். பாருங்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள். ஆனால் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் இந்தச் சான்றுகளைச் சரிபார்க்க வழிமுறை வகுத்த உச்ச நீதிமன்றமே, சரிபார்ப்பு தாமதமாகிச் சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்கினால், பெற்றோரின் பிரமாண வாக்குமூலத்தை வைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பதைப் பள்ளி ஆசிரியை ஒருவர் எடுத்துக் காட்டினார். அந்த அலுவலகத்தில் அதைச் சொன்னபோது, "கோர்ட் கதை எல்லாம் இங்க பேசாதே" என்றார்கள்.

ஆகவே ஐயா, தங்களை மன்றாடிக் கேட்பது இவைதான். 2010-ஆம் ஆண்டு விடுவிப்புச் சான்றையும் பள்ளி மாற்றுச் சான்றிதழையும் ஆதாரமாக ஏற்று, பிப்ரவரிக்குள் என் தங்கைக்குச் சான்று கிடைக்கச் செய்யுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், மேல்முறையீடு செய்துகொள்கிறோம். எங்கள் குடியிருப்பில் இன்னும் பதினொரு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஒருவரிடமும் சான்று இல்லை. அவர்களுக்கு ஏரிக்கரையிலேயே ஒரு முகாம் போடுங்கள். பிளஸ் டூ வரை காத்திருந்து அவர்களும் இப்படி வகுப்பில் எழுந்து நிற்க வேண்டாம்.

சான்று கொடுங்கள், ஐயா. வேறு எதுவும் கேட்கவில்லை. வீடு கேட்டு மனு கொடுத்திருக்கிறோம், அது மெதுவாக வரட்டும். சாலை மெதுவாக வரட்டும். இது மட்டும் மே மாதத்துக்குப் பிறகு வந்து பயனில்லை.

இன்னொரு முறை விசாரணை வேண்டும் என்றால் வருகிறோம். தயவுசெய்து சனிக்கிழமை வைக்கச் சொல்லுங்கள். பிப்ரவரியில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அவள் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வருவாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் அக்கா
(அப்பாவின் கைரேகை, தங்கையின் கையெழுத்துடன்)