கரி நின்றால் மந்தாரக்குப்பம் என்ன செய்யும்?

அன்புள்ள செல்வா,

மகளுக்குக் கயத்தாறு பக்கம் காற்றாலையில் வேலை கிடைத்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். அம்மாவுக்கு முட்டிவலிதான் குறைந்தபாடில்லை, மற்றபடி எல்லோரும் சௌக்கியம். கடிதத்தின் கடைசியில் "நெய்வேலியை இழுத்து மூடினால்தான் விடிவு" என்று எழுதிவிட்டாய், அதைப் படித்ததிலிருந்து, அந்தச் சுரங்கத்தையும் அனல்மின் நிலையங்களையும் ஒட்டிய மந்தாரக்குப்பத்தை நினைத்து மனசு ஆறவில்லை.

கரி போகத்தான் வேண்டும், அதில் உனக்கும் எனக்கும் சண்டை இல்லை. நம் ஊர்ப் பழுப்பு நிலக்கரியில் பாதி தண்ணீர், ஒரு டன் எடுக்க அதைப்போல் பல மடங்கு மேல்மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டும், அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் ஊற்றை இராப்பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் சுரங்கத்தின் தரையே பொங்கிவிடும். இவ்வளவும் செய்து எரித்தால் புகையும் சாம்பலும் வேறு. ஆனால் 2024 மே மாதம் தமிழ்நாட்டின் மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியதே, அந்த வெயிலில் ராத்திரி பத்து மணிக்கு ஏ.சி. ஓடுவதற்கு சோலார் கிடையாது, காற்றும் அப்போது முழுசாக வந்திருக்காது. அதனால் ஒரே நாளில் மூட முடியாது என்பது உனக்கும் தெரியும்.

நான் சொல்ல வந்தது ஆட்களைப் பற்றி. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள். 1962இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கியது, 50 மெகாவாட்டில் ஆறு, 100 மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 600. 2020 செப்டம்பரோடு அது நின்றது. அதற்குப் பதிலாக வந்த புதிய நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட் இரண்டே இரண்டு. மின்சாரம் கூடிவிட்டது, ஆனால் ஒன்பது யூனிட்டுக்கு இருந்த ஆள்பலம் இரண்டு யூனிட்டுக்கு எதற்கு? கரியிலிருந்து கரிக்கு மாறும்போதே இந்தக் கதி என்றால் கரியே இல்லாமல் போகும்போது என்ன ஆகும், யோசித்துப் பார்.

நிரந்தர ஊழியருக்கு மாற்றல் உண்டு, பென்ஷன் உண்டு. என் கவலையெல்லாம் ஒப்பந்தத் தொழிலாளிகளைப் பற்றித்தான். எங்கள் தெருத் தம்பி ஒருவன் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை மண்வெட்டியால் அள்ளி மறுபடி மேலே போடுகிறான். இந்தக் கரி தேங்கிக் கிடந்தால் தானாகவே புகைய ஆரம்பித்துவிடும், கோடையில் ஒரு கையில் மண்வெட்டி, ஒரு கையில் தண்ணீர்க் குழாய். ஷிப்ட் முடிந்து வரும்போது கண் இமையில்கூடப் பழுப்புத் தூள் இருக்கும். 2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதமும் ஜூலை மாதமும் பாய்லர் விபத்து நடந்ததே, அதில் செத்தவர்களிலும் ஒப்பந்தக்காரர்கள் நிறையப் பேர். மூடுகிற அன்று யாருடைய பட்டியலிலும் இவர்கள் பெயர் இருக்காது, செல்வா, ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரு வார்த்தையோடு போய்விடும். டீக்கடை, மெஸ், வாடகை வீடு என்று மந்தாரக்குப்பத்தில் பாதி இவர்கள் கூலியில்தான் நடக்கிறது.

நிலம் கொடுத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம். 2023 ஜூலையில் பக்கத்துக் கிராமமான வளையமாதேவியில், சுரங்க வேலைக்காக, விளைந்து நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியதை டிவியில் நீயும் பார்த்திருப்பாய். நிலத்துக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு வேலை என்ற நம்பிக்கைதான் இந்தக் கிராமங்களில் மூன்று தலைமுறையாக ஓடுகிறது. சுரங்கம் நின்றால் வேலையும் இல்லை, வெட்டிய நிலம் பழைய நஞ்சையாகத் திரும்பி வரப்போவதும் இல்லை.

சோலார் வேலை தரும் என்கிறாய். தரும், கட்டும்போது. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் கட்டி முடிக்கும்வரை ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை, அப்புறம் பேனல் துடைக்கவும் காவலுக்கும் கொஞ்சம் பேர். நம் ஊர் நிறுவனமான என்.எல்.சி.யே தமிழ்நாட்டில் சோலார் அதிகமாகப் போட்டது விருதுநகர், ராமநாதபுரம், நெல்லைப் பக்கம். பெல்ட்டுக்கு அடியில் நிற்கிறவன் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போவானா?

ஜெர்மனியிலும் இதே பழுப்பு நிலக்கரிதான், நம் சுரங்கத்தில் சுற்றுகிற ராட்சத பக்கெட் வீல் எந்திரமும் (சக்கரத்தில் வாளி வாளியாகக் கட்டி மண்ணை அள்ளுவது) அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் 2020இல் சட்டம் போட்டு 2038க்குள் நிறுத்துவது என்று முடிவு செய்தார்கள், கூடவே கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கினார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. நிறுத்தும் தேதியைப் பத்து வருடம் முன்பே சொல்லட்டும், ஒப்பந்தக்காரர்களின் பெயரையும் சர்வீஸையும் பதிவேட்டில் ஏற்றட்டும், சோலாரையும் பேட்டரியையும் மண் கொட்டி மூடிய இந்த நிலத்திலேயே போடட்டும். அதன்பிறகு மூடு என்றால் நானும் உன்னோடு சேர்ந்து சொல்வேன்.

ஒரு உதவி. அந்தத் தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர், வெல்டிங்கும் தெரியும். மகளின் கம்பெனியில் காற்றாலைப் பராமரிப்புக்கு அப்படிப்பட்ட ஆட்களை எடுக்கிறார்களா, பயிற்சி கொடுப்பார்களா என்று கேட்டு எழுது. பொங்கலுக்கு முன்னால் தெரிந்தால் நல்லது, அவனுடைய இப்போதைய ஒப்பந்தம் அதோடு முடிகிறது.

அன்புடன்,
உன் மூர்த்தி