மகளுக்கு, திருகோணமலையிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய உன் ஓவியத்தின் படத்தைப் பெரிதாக அச்சடித்து ஹாலில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். கல்லின் உள்பக்கம் என்கிறேன். பேராதனையில் படிக்கும்போது ஒரு கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து நுணுக்குக்காட்டியில் காட்டினாயே, வெளியில் சாம்பலாய்க் கிடந்த கல்லுக்குள் நீலமும் மஞ்சளும் செம்மையும். தட்டைத் திருப்பத் திருப்ப நிறம் மாறியது. நீ ஏன் தூரிகை எடுத்தாய் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

புல்மோட்டையில் இல்மனைட் என்ற கனிய மணல் எடுக்கும் வேலைக்கு விண்ணப்பம் போடு என்று எத்தனை தரம் சொன்னேன். டென்மார்க்கில் பேர் கிர்க்கெபி என்பவரும் புவிச்சரிதவியல் படித்து, கிறீன்லாந்துக்கெல்லாம் போய் வந்த ஓவியர்தான் என்று என் வாயை அடைத்தாய். சரி, இப்போது எனக்குப் பெருமைதான்.

ஜன்னலைத் திறந்து வைத்துக் கீறு. டர்பன்டைன் மணத்துக்குள் படுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தப் படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்பு வெடிப்பு ஓடுகிறது. முந்திய படங்களில் அது இல்லை. அதன் ஓரத்தைக் கத்தியால் சுரண்டியிருக்கிறாய், அடியில் பூசிய சிவப்பு தெரிகிறது. கோணேசர் மலை ஒரு காலத்து மணல், பூமிக்கடியில் வெந்து நெரிந்து குவார்ட்சைட் ஆனது என்று இராவணன் வெட்டடியில் நின்று நீதானே சொல்லித் தந்தாய். வெடிப்பின் இரு பக்கத்து வரிகளும் நேருக்கு நேர் நின்றால் கல் வெடித்ததோடு சரி, ஏறி இறங்கி நின்றால் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டது என்றும் சொன்னாய். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். இடது பக்கத்துச் செம்மண் நிற வரி வலது பக்கத்தில் இரண்டு விரல் கீழே நிற்கிறது. வேண்டுமென்றுதான் அப்படிக் கீறினாயா?

அம்மாவிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பெரியம்மாவின் ஆட்டத்திவசத்துக்குக்கூட நீ போன் எடுக்கவில்லை. சித்தி கேட்டா, எனக்குச் சொல்லப் பதில் இல்லை. பிள்ளை இப்படி இருப்பவள் இல்லையே. மருமகனின் குரலைக் கேட்டும் நாளாகிறது. அவருக்கு வேலை கூடவோ? முன்பெல்லாம் நீ கதைக்கும்போது பின்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லுவார்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு வந்தோம், அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மற்றப்படி புதினம் ஒன்றுமில்லை.

குளிர் என்று ஜன்னலை மூடிவிடாதே, மகள். மேல் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. இரண்டு பேராய் வந்தாலும் சரி, நீ தனிய வந்தாலும் சரி. டிக்கெட் காசை நான் போடுகிறேன். எத்தனை மணி என்றாலும் போன் எடு, நான் முழிப்பாகத்தான் இருப்பேன்.

அப்பா