பாங்கொக்கில் பனங்காய்ப் பணியாரம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் இந்திரா,

பயணம் போய் வந்தீர்களா என்று நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓம், போய் வந்துவிட்டோம். இவருடைய முழங்கால் தாக்குப்பிடித்தது. வீட்டைத் தங்கச்சியின் மகன் பார்த்துக்கொண்டான். நாய்தான் எங்களைக் காணாமல் சாப்பிடாமல் கிடந்ததாம், இப்போது சரி. உன் மகளின் கல்யாண எழுத்து நல்லபடி முடிந்ததில் சந்தோஷம். படத்தில் அந்தப் பச்சைச் சேலை உனக்கு நல்ல வடிவு. மாப்பிள்ளை நல்ல உயரம். மிச்சத்தை நேரில் கதைப்போம்.

இனிப் பயணம். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து. பலாலியில் இருந்து வெளிநாடு என்றால் இந்தியாவுக்கு மட்டும்தானே பிளேன் ஓடுகிறது, அதனால் வழக்கம்போல இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் ஏறினோம். இந்த மூன்று நாட்டிலும் எங்களுக்கு ஒரு சொந்தக்காரரும் இல்லை. இந்தப் பயணத்தின் விசேஷமே அதுதான்.

கோபிக்காதே, நான் உன்னிடம் ரொறன்ரோவுக்கு வந்தபோது என்ன பார்த்தேன், சொல்லு? ஸ்காபரோவில் ஒரு வீடு, மார்க்கத்தில் ஒரு வீடு, பிராம்ப்டனில் ஒரு வீடு. எல்லா வீட்டிலும் இடியப்பம், சொதி, கணவாய்க்கறி, பிறகு கல்யாண வீடியோ. நயாகராவுக்குக்கூட புட்டும் கோழிக்கறியும் கட்டிக்கொண்டு இரண்டு வான் பிடித்துப் போனோம். நீர்வீழ்ச்சியைப் பார்த்த நேரத்தைவிடக் கரண்டி தேடின நேரம் கூட. பாரிசிலும் அதே கதைதான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாமான் வாங்கி, பிள்ளையாரைக் கும்பிட்டு, ஈபிள் கோபுரத்தைக் கார் யன்னலுக்குள்ளால் பார்த்துவிட்டு வந்தேன். நாங்கள் வெளிநாடு போனால் சொந்தக்காரர் வீட்டு வரவேற்பறைகளைத்தான் பார்க்கிறோம். நீங்கள் எல்லாரும் பாசத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனாலும் ஊரைப் பார்க்க முடியாமல் போய்விடுகிறது.

இந்த முறை சமைத்துத் தர ஆளில்லை. பசித்தால் தெருவில் இறங்கத்தான் வேண்டும்.

சிங்கப்பூரில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். ஹோக்கர் சென்டர் என்பார்கள். முன்னொரு காலம் தெருவில் வண்டிலில் வைத்து விற்றவர்களை அரசாங்கம் கொண்டுவந்து உள்ளே இருத்தினது அப்படி. 2020இல் யுனெஸ்கோ இந்தப் பழக்கத்தையே மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நாங்கள் தேக்கா சந்தைக்குப் போனது சரியான மத்தியானம், கந்தோர்ச் சனம் எல்லாம் இறங்கியிருந்தது. வெறும் மேசைகளின் மேல் ஆளுக்கொரு டிஷ்யூ பைக்கற் கிடந்தது. அது கிடந்தால் அந்த இடம் பிடித்தாயிற்று என்று கணக்கு, ஒருவரும் தொடமாட்டார்கள். எங்கள் மினிபஸ்ஸில் யன்னலுக்குள்ளால் லேஞ்சியை எறிந்து சீற் பிடிப்போமே, அதேதான். என்ன, அங்கே லேஞ்சியைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டுச் சண்டைக்கு வர ஆளில்லை.

சாப்பிட்ட கோப்பையை நீயே கொண்டுபோய் வைக்கவேண்டும். 2021இல் இருந்து அது சட்டம். முதல் முறை எச்சரிக்கை, பிறகு தண்டம். றெயிலுக்குள் எதையாவது வாயில் போட்டால் ஐந்நூறு டொலர் வரை கட்டவேண்டும். டூரியன் பழத்தோடு ஏறவே விடமாட்டார்கள். அதன் மணத்துக்கு அந்தச் சட்டம் நியாயம் என்றுதான் சொல்வேன்.

மேசையில் முன்பின் தெரியாதவர்கள் வந்து பக்கத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். எங்கள் ஊரில் என்றால் முதல் கவளம் இறங்குவதற்குள் “நீங்கள் ஆருடைய பிள்ளை?” என்று தொடங்கி, அம்மாவின் ஊர், ஐயா வேலை பார்த்த கந்தோர் எல்லாம் எடுத்துவிடுவார்கள். முதல் நாள் எனக்கு அந்த அமைதி நல்ல சுகமாக இருந்தது. கொஞ்ச நாள் போக, யாராவது ஒரு கேள்வி கேட்டால் நல்லது போலிருந்தது.

சொந்தக்காரர் இல்லை என்றேனே, இவர் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். கட்டொங் பக்கம் சிலோன் ரோட் என்றே ஒரு தெரு இருக்கிறது. அதில் இலங்கைத் தமிழர் உண்டாக்கின செண்பக விநாயகர் கோயில். 1915இல் எங்கள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்தினம்தான் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டமைச்சர். அந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லும் உறுதிமொழியை 1966இல் எழுதினதும் அவர்தான். இதை இவர் டக்சிக்காரரிடம் சொன்னார், ஹோட்டலில் சாவி தந்த பெண்ணிடம் சொன்னார், ஒரு பிலிப்பைன்ஸ் தாதியிடமும் சொன்னார். வட்டுக்கோட்டையையே தான்தான் கட்டினது போல.

கோலாலம்பூரைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன். பத்துமலையில் 272 படி. நான் ஏறினேன், இவர் கீழே 140 அடி முருகனுக்குப் பக்கத்தில் இளநீரோடு இருந்துகொண்டார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனபோது அப்பப்பாவின் நினைவு வந்தது. மலாயா றெயில்வேயில் கிளாக்காக இருந்தவர். மலாயாப் பென்சன் காசில் எழும்பின வீடு எங்கள் ஒழுங்கையிலேயே எத்தனை இருந்தது, யோசித்துப் பார். ஸ்கொட் ரோட் கந்தசுவாமி கோயிலில் அந்தக் காலத்து எங்கள் ஆட்களின் கை தெரிகிறது. பூசைக்கு நின்றவர்களில் இரண்டு மூன்று வயதான அம்மாக்கள் எங்கள் உச்சரிப்பிலேயே கதைத்தார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டதில்லை.

பினாங்கு உனக்குப் பிடிக்கும். ஜோர்ஜ் டவுனில் ஒரே தெருவை ஒட்டி ஆங்கிலேயர் கட்டின தேவாலயம், சீனரின் கோயில், மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், எல்லாம் நடந்து போகிற தூரம். கடற்கரையில் சீனக் குடும்பங்கள் தண்ணீருக்கு மேல் மரக்கால் நட்டு வீடு கட்டி, குலத்துக்கு ஒரு துறையாக இன்றைக்கும் இருக்கிறார்கள். பலகைப் பாதையில் நடக்கும்போது காலுக்குக் கீழே கடல் தெரியும். தமிழ் முஸ்லிம்களின் நாசி கண்டார் கடையில் சோற்றுக்கு மேல் எல்லாக் கறிக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லிக் கேட்கவேண்டும். அந்தக் காலத்தில் தோளில் தடி வைத்து, இரண்டு பக்கமும் சோறும் கறியும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு. இந்தப் பயணத்தில் இவர் அங்கேதான் முதன்முதலாகக் கையால் சாப்பிட்டுத் திருப்திப்பட்டார்.

எனக்கு அசாம் லக்சாதான். மீனை அவித்து உதிர்த்து, பழப்புளி விட்டுக் கொதித்த தண்ணிக் குழம்பு, அதற்குள் தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, வெள்ளரி, வெங்காயம், புதினா, கடைசியில் ஒரு கரண்டி கறுப்பு இறால் பசை. முதல் வாயில் முகம் சுளித்தேன். கிண்ணம் முடியும்போது, மீன் போட்டுக் காய்ச்சும் எங்கள் கூழுக்கு ஒருவரும் ஏன் அன்னாசி போட்டுப் பார்க்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதை உன் அக்காவிடம் சொல்லாதே, கூழ் விஷயத்தில் அவவுக்கு விளையாட்டு இல்லை.

இனி பாங்கொக். இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுத இருந்தேன்.

சந்தையில் ஒரு அம்மா மண்ணுரலை முன்னால் வைத்துக்கொண்டு பப்பாசிச் சம்பல் இடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளியும் மிளகாயும் முதலில், பிறகு பயற்றங்காய், தக்காளி, காய்ந்த இறால், கடலை, கட்டிச் சர்க்கரை, மீன் சோஸ், தேசிக்காய்ப் புளி, கடைசியில் கீறின பச்சைப் பப்பாசி. நசிக்கிறா, ஆனால் அரைக்கவில்லை. ஒரு கையில் உலக்கை, மற்றக் கையில் கரண்டி. இடிக்கிற கை இறங்கும்போது கரண்டி கிளறுகிறது. எத்தனை மிளகாய் என்று விரலைக் காட்டிக் கேட்டா. இவர் யாழ்ப்பாண மானத்தைக் காப்பாற்ற ஐந்து விரலையும் விரித்தார். அன்றைக்கு முழுக்கக் கோபமாகத் தண்ணீர் குடித்தார்.

அங்கே சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள். முள்ளுக்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ள மட்டும்தான், வாய்க்குள் போகாது. நூடுல்ஸ் கடை மேசைகளில் சின்னப் போத்தல் தட்டு ஒன்று இருக்கும்: சீனி, காய்ந்த மிளகாய்த்தூள், மிளகாய் ஊறின வினாகிரி, மிளகாய் போட்ட மீன் சோஸ். ஆளாளுக்குத் தன் வாய்க்கு ஏற்றபடி கலந்துகொள்வார்கள், சமைத்தவருக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டில் வந்த ஆள் உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டால் என்ன நடக்கும்? என் மாமி மூன்று வருஷம் அதைச் சொல்லிக் காட்டுவா. நான் வீட்டுக்கு வந்த கையோடு மேசையில் உப்பும் மிளகுத்தூளும் தேசிக்காயும் வைத்துவிட்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் தொடவும் இல்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு லும்பினிப் பூங்காவில் இருந்தோம். குளக்கரையில் உடும்பைவிடப் பெரிய கபரக்கொய்யாக்கள் மனிதரைக் கணக்கெடுக்காமல் திரிகின்றன. ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓட்டத்தை விட்டு அப்படியே நின்றார்கள். பாட்டு முடிய, பழையபடி ஓட்டம். காலை எட்டு மணிக்கும் இப்படித்தான். தலையைத் தொடக்கூடாது, ஒருவர் பக்கம் காலை நீட்டக்கூடாது என்பதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் அம்மம்மா தாய்லாந்தில் பிழைத்திருப்பா.

நகரத்துக்கு நடுவில் உயரமான சிவப்பு ஊஞ்சல் ஒன்று நிற்கிறது, கயிறும் பலகையும் இல்லாமல் வெறும் தூண். முதலில் 1784இல் வைத்ததாம், இப்போது நிற்பது பிறகு மாற்றிக் கட்டினது. மார்கழி, தை வாக்கில் அங்கே பிராமணர்கள் ஊஞ்சல் ஆடும் விழா நடந்தது, 1930களில் ஆடுவதை நிற்பாட்டிவிட்டார்கள். ஆனால் அந்த விழாவின் சடங்கு பக்கத்துத் தேவஸ்தானத்துக்குள் இன்னும் நடக்கிறது. அதில் ஓதுவது எங்கள் திருவெம்பாவையும் திருப்பாவையும். தமிழ் தெரியாத வாயில் தலைமுறை தலைமுறையாகச் சத்தம் மாறிப்போன தமிழ். நினைவிருக்கிறதா, திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கைக்குள் வர, நாங்கள் போர்வைக்குள் இருந்துகொண்டே அடுத்த அடியைச் சொல்லுவோமே? அந்த வாசலில் நான் கனநேரம் நின்றேன். உள்ளே பூசை ஒன்றும் இல்லை, ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது.

இப்போது தலைப்பு விஷயம். சந்தையில் வாழையிலைக் கிண்ணங்களுக்குள் மஞ்சளாகப் பஞ்சு மாதிரி ஏதோ அவித்து வைத்திருந்தார்கள், மேலே தேங்காய்ப்பூ. பக்கத்தில் போனேன், இந்திரா, மூக்கு பொய் சொல்லுமா? பனங்களி வாசம். கனோம் தான் என்று பெயர். பழுத்த பனம்பழத்தின் களியோடு அரிசிமா, சீனி, தேங்காய்ப்பால் கலந்து, பொங்க விட்டு, நீராவியில் அவிக்கிறார்கள். பெச்சபுரி என்று தெற்குப் பக்கத்து மாகாணத்தில் வயல் வரம்பெல்லாம் பனையாம். எங்கள் அதே பனை. நுங்கைச் சீனிப்பாகில் போட்டு விற்கிறார்கள். நாங்கள் குட்டானில் வாங்கும் பனங்கட்டியை அங்கே உருண்டைக் கட்டிகளாகக் குவித்து வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு கிண்ணத்தைப் பிட்டு வாயில் வைத்தேன். வாசம் முழுக்க நாங்கள் எண்ணெயில் பொரிக்கிற பனங்காய்ப் பணியாரத்தினுடையது, ஆனால் எண்ணெய் இல்லை, அந்தக் கடைசிக் கசப்பும் இல்லை. நாங்கள் எவ்வளவு காய்ச்சினாலும் ஒரு மெல்லிய கயர் நிற்குமே, எனக்கு அது வேண்டும். அது இல்லாத பனங்காய்ப் பணியாரம் எனக்குப் பாதிதான். ஆனால் சுகர் உள்ள இவருக்கும், பல் இல்லாத மாமிக்கும் இந்த மெத்தென்ற பண்டம் வசதி என்று நினைத்தேன். பிறகுதான் அதில் எவ்வளவு சீனி என்று கண்டேன்.

கடைக்காரப் பெண்ணுக்குக் கைப்பேசியில் எங்கள் பின்வளவுப் பனை வரிசையைக் காட்டினேன். அவ தன் தங்கச்சியைக் கூப்பிட்டா, தங்கச்சி அம்மாவைக் கூப்பிட்டா. ஒரு மொழியும் பொதுவில்லை. வடலி, பனை, காவோலை, நுங்கு எல்லாம் படத்தில் விரலை வைத்துக் கதைத்தோம். அந்த அம்மா பழத்தைப் பிசைகிற விதத்தைக் கையில் காட்டினா. என் அம்மா காட்டின அதே கை. ஒரு சொந்தக்காரர் கூட இருந்திருந்தால் எங்களை நேரத்துக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருப்பார், நான் அந்தக் கடையில் அவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டேன்.

இங்கே இப்போது பனம்பழம் விழத் தொடங்கிவிட்டது. இரவில் தகரக் கொட்டில் மேல் விழுகிற சத்தத்தில் நாய் குரைக்கிறது. நேற்றுப் பாதிக் களியைப் பொரித்தேன், பாதியை வாழையிலையில் வைத்து அவித்தேன். அவித்தது பொங்கவில்லை, மாவைக் கொஞ்சம் புளிக்க விடவேண்டும் போல. மாமி பொரித்ததைத்தான் எடுத்தா.

நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாய் என்று எழுதியிருந்தாய். ரிக்கற் இன்னும் போடவில்லை என்றால் பாங்கொக் வழியாகப் போட்டு, இரண்டு நாள் நின்று வா. அந்தச் சந்தைக்குப் போகிற வழியைக் குரலில் பேசி அனுப்புகிறேன். மருமகனுக்குப் பனங்காய் மணம் ஒத்துக்கொள்ளுமா என்று மகளிடம் கேட்டு எழுது, அதைப் பார்த்துத்தான் நான் களியை எடுத்து வைக்கவேண்டும்.

அன்புடன்,
சறோ